பதறாத காரியம் சிதறாது

2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் இறுதி வாரம். 29ஆம் திகதி வியாழக்கிழமை ஹஜ்ஜுப் பெருநாள். மறுநாள் வெள்ளிக்கிழமையை விசேட வங்கி விடுமுறையென அரசாங்கம் பிரகடனஞ் செய்தது. அடுத்து சனியும் ஞாயிறும். திங்கட்கிழமை போயா. ஆக, ஐந்து நாட்கள் நாட்டின் வங்கிகள் கதவடைத்துக் கிடந்தன. உள்நாட்டுக் கடனை மறுசீரமைப்பதற்காகவே இந்த விடுமுறை என்று அறிவிக்கப்பட்டதும், மக்களின் வைப்புப் பணத்தில் அரசாங்கம் கைவைக்கப் போகிறது என்ற பேச்சு காட்டுத்தீயைப் போல நாடெங்கும் பரவிற்று. குர்பானுக்கு மாடு பார்க்கப் போனவரும், பிள்ளைகளுக்குப் பெருநாள் உடுப்பு வாங்கப் போனவரும் அதையே பேசினர். வைப்புப் பணத்துக்கு ஆபத்தில்லை என்று மத்திய வங்கி ஆளுநர் கலாநிதி நந்தலால் வீரசிங்க எடுத்துச் சொன்னபோதும் ஐயம் முற்றாகத் தீர்ந்ததாக இல்லை.

நடந்தது என்ன? ஜூலை 1ஆம் திகதி பாராளுமன்றம் அத்திட்டத்தை அங்கீகரித்தது. 4ஆம் திகதி வங்கிகள் திறந்தன. எவருடைய சேமிப்புக் கணக்கிலும் எவருடைய நிலையான வைப்பிலும் ஒரு சதமேனும் வெட்டப்படவில்லை. ஆனால், அச்சத்தினால் வைப்பை இடையில் உடைத்தவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஐந்து இலட்சம் ரூபாவை நூற்றுக்கு இருபது வீதத்தில் ஓராண்டுக்கு வைப்பிட்ட ஒருவர், தவணை முடியும்வரை பொறுத்திருந்தால் ஒரு இலட்சம் ரூபா அதிகமாகப் பெற்றிருப்பார். இடையில் உடைத்தவருக்குக் குறைந்த வீதமே கிடைக்கும். அதன்பின் வட்டி வீதங்கள் வேகமாக வீழ்ந்தமையால், உடைத்த பணத்தை மீண்டும் அதே வீதத்தில் வைப்பிடவும் அவரால் இயலாது. அவருடைய பணத்தை அரசாங்கம் எடுக்கவில்லை. அவருடைய பதற்றமே எடுத்தது.

இதனைக் கொண்டு, அரசாங்கத்தை நம்பி வாளாவிருங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. வதந்திகள் யாவும் பொய்யாவதில்லை. 2019ஆம் ஆண்டு லெபனான் நாட்டில் வங்கிகள் கதவடைத்தன; பின்னர் திறந்தபோது மக்கள் தம் சொந்த டொலரைத் தாமே எடுக்க முடியாமல் ஆண்டுக்கணக்கில் அலைந்தனர். இங்கும் அந்த மறுசீரமைப்பின் சுமை காற்றிலே கரைந்துவிடவில்லை. ஊழியர் சேமலாப நிதி தன்னிடமிருந்த திறைசேரி முறிகளை நீண்டகால முறிகளாக மாற்ற நேர்ந்தது. புதிய முறிகளுக்கு 2025ஆம் ஆண்டுவரை 12 வீதமும் அதன்பின் 9 வீதமுமே வட்டி. கூலிக்கும் சம்பளத்துக்கும் உழைத்தவனின் முதுமைக்கான பணத்தின் மீதே சுமை இறங்கிற்று. ஆகவே அச்சத்துக்குக் காரணமே இல்லை என்பதல்ல எமது வாதம். அச்சத்தினால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை, முன்னேற்பாட்டினால் ஆகக்கூடியது நிறைய உண்டு என்பதே எமது வாதம். மன அமைதி குணத்தினால் மட்டும் வருவதன்று. ஆயத்தமாய் இருப்பவனுக்கே அது வாய்க்கிறது.

பட்டவை எவை?

கடந்த சில ஆண்டுகளில் எமது கரையோரம் பட்டதை ஒருமுறை நிரல்படுத்திப் பார்ப்பது நன்று. பட்ட அடியின் அளவு தெரியாதவனுக்கு அடுத்த அடியைத் தாங்கும் வழி தெரியாது.

2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே நாளில் தடுக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கியபோது விதைப்புக் காலம் கடந்துகொண்டிருந்தது. 2021/22 பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் முந்திய பெரும்போகத்தைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சம்மாந்துறை வட்டைகளிலும், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, நிந்தவூர் வயல்களிலும் பசளையின்றி வெளிறிய பயிரைக் கண்ட கண்கள் அதனை மறவா.

2022 மார்ச்சில் ரூபாவின் கட்டு அவிழ்ந்தது. டொலர் ஒன்றுக்குச் சுமார் 200 ரூபாவாக இருந்தது, மே மாதத்தில் 360 ரூபாவாயிற்று. ஏப்பிரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. 2021 டிசம்பரில் லீற்றர் 177 ரூபாவுக்கு விற்ற பெற்றோல் 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாவாயிற்று; 121 ரூபா டீசல் 460 ரூபாவாயிற்று. உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் டீசலில் ஓடுவன. ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்ந்தது. சாய்ந்தமருதுக் கரையிலிருந்து சிறு தோணியில் இயந்திரம் பூட்டிக் கடலுக்குப் போகிறவனுக்கு அது வலையை அறுத்த செயலாகும். மருதமுனையில் கைத்தறி நெய்பவனுக்கோ நூலின் விலையும் சாயத்தின் விலையும் கைக்கெட்டாமற் போயின. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் நூற்றுக்கு 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம்.

ஆசிரியர், வைத்தியர், பொறியியலாளர், விரிவுரையாளர் ஆகியோர் தப்பினார்களா? 2023 ஜனவரியிலிருந்து மாதம் ஒரு இலட்சம் ரூபாவைக் கடந்த வருமானத்துக்கு உச்சமாக நூற்றுக்கு 36 வீதம்வரை வரி வந்தது. 2025 ஏப்பிரலிலேதான் அந்த எல்லை ஒன்றரை இலட்சமாக உயர்த்தப்பட்டது. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறிற்று.

ஈண்டு ஒரு மயக்கத்தைத் தெளிவித்தல் வேண்டும். 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 வீதமாகக் குறைந்தது என்று அறிவிக்கப்பட்டபோது, ‘அப்படியானால் சாமான் விலை ஏன் இறங்கவில்லை?’ என்று பலர் வினவினர். பணவீக்கம் குறைதல் வேறு. விலை குறைதல் வேறு. 2021 செப்டெம்பரில் 100 ரூபாவாக இருந்த கூடைச் சாமான் ஓராண்டில் ஏறக்குறைய 170 ரூபாவாயிற்று. மறு ஆண்டில் அது 172 ரூபாவாயிற்று. ஏறிய ஏணியில் ஏறியபடியே நிற்கிறது; மேலும் ஏறவில்லை, அவ்வளவே. ஆகவே பழைய விலை மீளும் என்று காத்திருந்து, பழைய செலவையே கடன்பட்டு நடத்துகிற குடும்பம் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்கிறது. புதிய விலைக்கேற்பப் புதிய கணக்கு எழுதுவதே முதற் கடமை.

போகக் கணக்கு

எமது பகுதியில் பணம் இரு விதமாக வருகிறது. உத்தியோகத்தருக்கு மாதந்தோறும் வருகிறது. விவசாயிக்கு ஆண்டில் இரு முறை, பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் வருகிறது. ஆனால் செலவு இருவருக்கும் நாள்தோறும் போகிறது. இவ்வேறுபாட்டை உணராமையே விவசாயியின் கடனுக்கு முதற் காரணம். நெல் விற்ற கையோடு வீட்டிலே காசு புழங்குகிறது. அந்த மாதத்தில் ஒரு கைத்தொலைபேசி, ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு விருந்து. நான்காம் மாதம் கடைக் கொப்பியில் கணக்கு ஏறுகிறது. ஆறாம் மாதம் பசளைக்குக் கையேந்த வேண்டியிருக்கிறது.

எமது முன்னோர் இதை அறிந்திருந்தனர். களவெட்டியிலிருந்து நெல் வீடு வந்ததும் முதலில் விதைநெல்லை ஒதுக்கினர். அடுத்து, மறு அறுவடைவரை குடும்பம் உண்ணும் நெல்லைப் பட்டறையில் இட்டனர். எஞ்சியதையே விற்றனர். நபி யூசுப் அலைஹிஸ்ஸலாம் ஏழு செழிப்பான ஆண்டுகளின் தானியத்தைக் காத்து ஏழு பஞ்ச ஆண்டுகளைக் கடத்திய வரலாற்றைக் கேட்டு வளர்ந்த சமூகம் இது. அவ்வரலாறு ஓதிக் கண்ணீர் உகுப்பதற்கு மட்டும் உரியதன்று. பட்டறையில் நெல்லை இடுவதற்கும் உரியது. இக்காலத்தில் அறுவடை இயந்திரம் வயலில் இறங்க, வயலோரத்திலேயே வியாபாரியின் லொறி நிற்க, ஈரநெல் அப்படியே போய்விடுகிறது. விற்றவன் சில மாதங்களில் அதே நெல்லின் அரிசியை இருமடங்கு விலைக்குக் கடையில் வாங்குகிறான்.

ஆகவே விவசாயிக்கு நாம் கூறுவது இது: நெல் விற்ற பணத்தை ஆறாகப் பகுத்துக்கொள்க. ஒவ்வொரு பங்கும் ஒரு மாதத்துக்குரிய வீட்டுச் செலவு. அதற்கும் முன்னதாக அடுத்த போகத்தின் உழவு, விதை, பசளை, மருந்து, கூலி ஆகியவற்றுக்குரிய தொகையை வேறொரு கணக்கிலே போட்டு, அந்தப் புத்தகத்தை வீட்டுப் பெண்களின் கையிலே கொடுத்து வைக்க. உத்தியோகத்தருக்கு நாம் கூறுவது: ஆறு மாதச் செலவுக்குரிய பணம் கையிருப்பாகும்வரை வாகனமோ மாடி வீடோ நினையாதிருக்க. மாதம் எண்பதாயிரம் ரூபா செலவிடும் குடும்பத்துக்கு ஆறு மாதத்துக்கு நாலு இலட்சத்து எண்பதாயிரம் ரூபா வேண்டும். பெருந்தொகைதான். ஆனால் மாதம் பத்தாயிரம் ஒதுக்கினால் நான்கு ஆண்டுகளிலே அது சேர்ந்துவிடும். பாதி சேரும்போதே வீட்டிலே உறக்கம் வரத் தொடங்கும்.

பெயர் மாற்றி வரும் வட்டி

எமது ஊர்களிலே வட்டி என்ற சொல்லுக்கு நடுங்குவோர் பலர். அந்த நடுக்கத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் சொல்லுக்கு நடுங்கிப் பொருளுக்கு நடுங்காதிருப்பது என்ன நியாயம்?

ஓர் உதாரணம் காட்டுவோம். கார்த்திகையிலே ஒரு விவசாயி ஒரு வியாபாரியிடம் ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபாப் பெறுமதியான பசளையும் மருந்தும் கடனாகப் பெறுகிறார். ‘வட்டி இல்லை, அறுவடையிலே நெல்லாகத் தந்தாற் போதும்’ என்கிறார் வியாபாரி. மாசியிலே சந்தையில் நெல் கிலோ 120 ரூபா. வியாபாரியோ கடன் நெல்லை 100 ரூபாவாகவே கணிக்கிறார். ஆயிரம் கிலோவால் தீரவேண்டிய கடனுக்கு ஆயிரத்து இருநூறு கிலோ போகிறது. அதிகமாகப் போன இருநூறு கிலோவின் பெறுமதி 24,000 ரூபா. மூன்று மாதத்துக்கு நூற்றுக்கு இருபது. ஆண்டுக்கு நூற்றுக்கு எண்பது! எந்த வங்கி இவ்வளவு கேட்கும்? வட்டி என்ற பெயர் இல்லாமையால் அது கண்ணுக்குத் தெரியவில்லை. விவசாயி வட்டியும் கொடுத்து, வட்டி கொடுக்கவில்லை என்ற திருப்தியையும் சேர்த்து விலைக்கு வாங்குகிறார்.

கடன் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் அதனைத் தவணை குறித்து, சாட்சி வைத்து எழுதிக்கொள்ள வேண்டுமென்று குர்ஆன் பணிக்கிறது. அவ்வேதத்தின் மிக நீண்ட வசனமே அதுதான். அத்தனை தெளிவான கட்டளையிருந்தும் எமது கொடுக்கல் வாங்கல்கள் பெரும்பாலும் வாய்ப்பேச்சிலேயே நடக்கின்றன. எழுதினால் அவன் மனம் நோகும் என்கிறோம். எழுதாமல் விட்டதனால் நொந்த மனங்களும், பேச்சற்றுப்போன சகோதரர்களும், நீதிமன்றம் ஏறிய மச்சான்மாரும் எத்தனை! எழுதப்பட்ட கடன் சிநேகிதத்தைக் கெடுப்பதில்லை. எழுதப்படாத கடனே கெடுக்கிறது.

வட்டியை விலக்க விரும்புவோர்க்கு வழி இல்லாமலும் இல்லை. 2005ஆம் ஆண்டில் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு இஸ்லாமிய வங்கிமுறைக்கு இடமளிக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு அமானா வங்கி முழுமையான இஸ்லாமிய வங்கியாகத் தொழிற்படத் தொடங்கிற்று. வேறு வங்கிகளிலும் அதற்கெனப் பிரிவுகள் உள்ளன. எனினும் ‘ஹலால்’ என்ற ஒரு சொல் மட்டும் முதலுக்குக் காவலாகாது. எவ்வளவு தருவார்கள் என்று கேட்பதற்கு முன் எதில் முதலிடுகிறார்கள், நட்டம் வந்தால் யார் தாங்குவது என்று கேட்க வேண்டும். மாதந்தோறும் தவறாமல் நூற்றுக்குப் பத்து ‘இலாபம்’ தருவேன் என்று ஒருவர் சொன்னால், அவர் தாடியைப் பார்த்தோ தலைப்பாகையைப் பார்த்தோ முடிவு செய்யாதீர்கள். வியாபாரத்தில் இலாபம் ஏறும், இறங்கும். ஏறாமல் இறங்காமல் வருவது, பின்னால் வந்தவனின் முதலை முன்னால் வந்தவனுக்குக் கொடுப்பதாகவே இருக்கும். ஆள் சேர்த்தால் பணம் தரும் பிரமிட் திட்டங்களை எமது வங்கிச் சட்டமே தடைசெய்கிறது. இத்திட்டங்கள் நெருக்கடிக் காலத்திலேதான் செழிக்கின்றன; மூழ்குகிறவன் கையில் கிடைத்த துரும்பைப் பற்றுவான் என்பது அவற்றை நடத்துவோர்க்குத் தெரியும்.

அனுமதி பெற்ற நிறுவனமெல்லாம் அசையாத மலை என்றும் எண்ணவேண்டாம். 2020ஆம் ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட நிதிக் கம்பனிகளின் அனுமதிப்பத்திரம் இரத்தாயிற்று. மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதித் திட்டம் அனுமதி பெற்ற ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் ரூபாவரை ஈடு செய்யும் என்று 2021இல் உயர்த்தப்பட்டது. அதற்கு மேற்பட்ட பணம் உடையவர் ஒரே இடத்தில் குவியாது, இரண்டு மூன்று இடங்களிற் பகிர்ந்து வைப்பதே அறிவுடைமை. அரை வீதம் அதிகம் என்பதற்காக ஆயுட்காலச் சேமிப்பைப் பணயம் வைப்பது அறிவுடைமையன்று.

தங்கமும் கடலும்

எமது பெண்களின் சேமிப்பு தங்கம். அது மூடத்தனமன்று. ரூபா பாதியானபோது தங்கம் பாதியாகவில்லை. 2025 ஒக்டோபரில் உலகச் சந்தையிலே ஓர் அவுன்சு 4,000 டொலரைக் கடந்தது. ஆயினும் மூன்று விடயங்களை நினைவிற் கொள்ள வேண்டும். ஒன்று, நகை வேறு, தங்கம் வேறு. செய்கூலியும் சேதாரமும் வாங்கும்போது போய்விடுகின்றன, விற்கும்போது மீள்வதில்லை. இரண்டு, அடைவு வைத்த நகையை ஆண்டுதோறும் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிப்பவர், சில ஆண்டுகளில் அந்த நகையின் விலையை வட்டியாகவே கட்டிவிடுகிறார். மீட்க வழியில்லை என்று தெரிந்தால் நல்ல விலை உள்ளபோது அதில் ஒரு பகுதியை விற்று மீதியை மீட்பதே இலாபம். இதைச் சொன்னால் கௌரவக் குறைவென்பர். ஏலத்தில் முழுதும் போவது எந்தக் கௌரவம்?

மூன்றாவதை எமது கரையோரத்துக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தது. நாட்டிலேயே மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் அலுமாரியோடு போன நகைகளுக்குக் கணக்கில்லை. வங்கிப் புத்தகத்தையும் கடல் கொண்டு போயிற்று. ஆனால் வங்கியின் பேரேட்டை அதனால் கொண்டு போக முடியவில்லை. உறுதி, பிறப்புச் சான்றிதழ், வைப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளைக் கடற்கரைக்கு அப்பாலுள்ள உறவினர் வீட்டிலும் வைத்தல் வேண்டும். 1978 நவம்பர் சூறாவளியும், 2025 நவம்பரில் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டு நாட்டையே உலுக்கிய ‘டித்வா’ புயலும், வானமும் கடலும் எமது வரவுசெலவுக் கணக்கில் ஒரு பகுதி என்பதை உணர்த்துகின்றன.

வீடும் கைக்கூலியும்

இனி, எவரும் வாய்விட்டுப் பேச விரும்பாத ஒன்றைப் பேசுவோம். எமது ஊர்களில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் பொருளாதாரத்தை உடைப்பது டொலருமன்று, டீசலுமன்று. பெண்பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய வீடும் கைக்கூலியுமே.

மூன்று பெண்பிள்ளைகளைப் பெற்ற தகப்பன் மூன்று வீடு கட்ட வேண்டும். கடலுக்கும் வயலுக்கும் இடையில் ஒடுங்கிய நிலப்பட்டை இது. ஒரு பேர்ச் காணிக்கும் பொன் விலை. சீமெந்தும் கம்பியும் ஏறிய விலை நாம் அறிந்ததே. முதல் வீட்டுக்குச் சேமிப்புப் போகிறது. இரண்டாவது வீட்டுக்கு வயல் போகிறது. மூன்றாவது வீட்டுக்குத் தகப்பனோ மகனோ மத்திய கிழக்குக்குப் போகிறான். பாலைவன வெயிலில் இருபது ஆண்டுகள் உழைத்துத் திரும்பியவனிடம், ‘உனக்கென்று என்ன வைத்திருக்கிறாய்?’ என்று கேட்டால், மருமகன்மாரின் வீடுகளைக் காட்டுகிறான். மணமகன் மணமகளுக்கு மஹர் கொடுக்க வேண்டும் என்பது மார்க்கம். மணமகளின் தகப்பன் மணமகனுக்கு வீடு கொடுக்க வேண்டும் என்பது எமது வழக்கம். மார்க்கத்தைத் தலைகீழாக்கி வைத்துக்கொண்டு வட்டியைப் பற்றி மட்டும் வாதம் புரிகிறோம்.

பெண்ணுக்கு வீடு இருப்பதில் ஒரு நன்மை உண்டு என்பதை மறுக்கவில்லை. கணவன் கைவிட்டாலும் கூரை கைவிடாது. ஆகவே வீட்டையே ஒழிக்கச் சொல்லவில்லை. ஓர் அறையும் அடுக்களையும் கொண்ட சிறு வீட்டோடு தொடங்கி, மணமக்களே உழைத்து மீதியைக் கட்டட்டும் என்கிறோம். ரொக்கக் கைக்கூலியை முற்றாக நிறுத்தட்டும் என்கிறோம். இதை ஒரு தகப்பன் தனியே செய்ய முடியாது. பள்ளிவாசல் நிருவாகங்களும், படித்த மாப்பிள்ளைமாரும் சேர்ந்தே செய்ய முடியும். வைத்தியரென்றும் பொறியியலாளரென்றும் பட்டம் பெற்றவர்களின் விலையே சந்தையில் அதிகம் என்பது வெட்கத்துக்குரியது. எமது வாசகருள்ளே அத்தகையோர் பலர் உளர்; அவர்கள் இதைத் தங்கள் மனச்சாட்சியிடம் வாசித்துக் காட்டுவார்களாக.

வெளிநாட்டுக்குப் போகும் இளைஞருக்கும் ஒரு சொல். முகவருக்குக் கொடுப்பதற்காக வயலை விற்றுவிட்டுப் போகாதீர்கள். குத்தகைக்குக் கொடுத்துவிட்டுப் போனால் திரும்பிவர ஓர் இடம் இருக்கும். அனுப்பும் பணம் முழுவதையும் வீட்டுச் செலவாக்கி விடாமல், உங்கள் பெயரிலே வெளிநாட்டு நாணயக் கணக்கொன்றில் ஒரு பங்கு சேரட்டும். 2021இலும் 2022இன் தொடக்கத்திலும் அரசாங்கம் டொலரின் விலையைச் செயற்கையாக அழுத்தி வைத்தபோது பலர் உண்டியல்காரரை நாடினர். 2020இல் 710 கோடி டொலராக வந்த வெளிநாட்டு உழைப்பாளரின் பணம் 2022இல் 380 கோடியாகச் சுருங்கிற்று. குற்றம் உழைத்தவனுடையது அன்று; நியாயவிலை தர மறுத்த கொள்கையுடையது. இப்பொழுது அந்த வேறுபாடு நீங்கியிருப்பதால், பணம் எங்கே போயிற்றென்று தெரியாத ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

அரசாங்கத்தின் பங்கு

சிக்கனத்தைப் போதிக்கும் எவரும் ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. ஏழையின் சிக்கனத்தால் அரசாங்கத்தின் ஊதாரித்தனத்தை ஈடு செய்ய முடியாது. பசளையை ஒரே நாளில் நிறுத்தியது சம்மாந்துறை விவசாயி அல்லன். டொலரைத் தீர்த்தது சாய்ந்தமருது மீனவன் அல்லன். 2025 பெப்ரவரியில் நாட்டு நெல்லுக்கு 120 ரூபாவும் சம்பா நெல்லுக்கு 125 ரூபாவும் உத்தரவாத விலையென அறிவிக்கப்பட்டது. நல்லதே. ஆனால் எமது பகுதியில் அறுவடை தொடங்கிய பின்னரே அவ்வறிவித்தல் வந்தது. அதற்குள் கடன்காரனுக்கு அளந்தவனின் நெல் லொறியேறிவிட்டது. விலையை விதைப்புக்கு முன் அறிவித்து, களஞ்சியத்தை அறுவடைக்கு முன் திறந்து, பணத்தை உடன் கொடுத்தால், விவசாயியின் பணமுகாமைத்துவத்தில் பாதி தானே சரியாகிவிடும். பசளை மானியமும் பயிர்க் காப்புறுதி நட்டஈடும் உரிய காலத்தில் வரவேண்டும். காலந்தாழ்த்தி வரும் மானியம் விவசாயிக்குப் போவதில்லை. அதற்குள் அவனுக்குக் கடன் கொடுத்தவனுக்கே போகிறது.

அரசாங்கத்தைக் கேட்கும் அதே குரலில் எம்மையும் கேட்போம். எமது ஊர்களில் ஸக்காத் நிதியங்கள் உள்ளன. ஸக்காத்தைப் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் கடனாளியும் ஒருவன். வீடு வீடாகச் சில்லறை பகிர்வதைவிட, ஆண்டுக்குப் பத்துக் குடும்பங்களையேனும் கடைக்காரனின் கொப்பியிலிருந்தும் அடைவுக் கடையின் பெட்டியிலிருந்தும் முற்றாக மீட்டு நிமிர்த்தினால், பத்தாண்டில் நூறு குடும்பம் வாங்கும் கையிலிருந்து கொடுக்கும் கையாகும். 1911ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குச் சட்டம் பிறந்தது. ஒரு வட்டையிலுள்ள விவசாயிகள் சேர்ந்து பசளையை மொத்தமாக வாங்கி, நெல்லை மொத்தமாக உலர்த்தி விற்றால், நாம் மேலே கணக்கிட்ட அந்த நூற்றுக்கு எண்பது வட்டவிதானையின் வட்டைக்குள்ளேயே தங்கும்.

நாளை என்ன வரும் என்று எமக்குத் தெரியாது. மழை பொய்க்கலாம், மழை மிகலாம், கொழும்பில் ஒரு கையெழுத்து எமது வயலை வெளிறச் செய்யலாம். தெரியாததை எண்ணி நடுங்கி இருப்பதையும் இழப்பதா, அல்லது தெரிந்ததை ஒழுங்காகச் செய்து தெரியாததை எதிர்கொள்வதா? விதைநெல்லை ஒதுக்குவோம். கடனை எழுதுவோம். கைக்கூலியை மறுப்போம். பணத்தைப் பல இடத்தில் வைப்போம். வதந்தி வந்தால் ஓர் இரவு உறங்கி எழுந்து, காலையிலே விசாரிப்போம்.

2023இல் அந்த ஐந்து நாள் விடுமுறையின் பின் வங்கிகள் திறந்தன. அடுத்த முறை திறவாமலும் போகலாம். அப்பொழுதும் பட்டறையில் நெல்லும், கையில் ஒரு மாதச் செலவும், எவருடைய கொப்பியிலும் கடனும் இல்லாத குடும்பம் வாசலிலே நின்று பதறாது. அந்தக் குடும்பமாக ஒவ்வொரு குடும்பமும் ஆவதற்கு இந்தப் பெரும்போகத்தின் முதல் மூட்டையிலிருந்தே தொடங்குவோம்.